சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் வார்த்தை நிற்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

இரண்டு வாரம் சொல்லிக்கொடுத்த வார்த்தையைக் கேட்டால் பிள்ளை விழிக்கிறது. உடனே வாயில் வருவது, "பத்து தடவை எழுதிட்டு வா." இம்போசிஷனால் கையெழுத்து கொஞ்சம் திருந்தலாம், வார்த்தை நிற்காது. 'தெரியவில்லை' என்ற ஒரு சொல்லுக்குள் காதில் சரியாக விழாதது, பொருள் பிடிபடாதது, வாயில் வராதது, எழுத்தில் அடையாளம் தெரியாதது என்று பல கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. எது என்று பார்க்காமல் வைத்தியம் செய்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.

இது தமிழ் பேசும் வீடுகளிலிருந்து வரும் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கானது. இங்கிலீஷ் அந்த ஒரு பீரியடில் மட்டுமே காதில் விழும் பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதியது. ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலில் வரும், நாளும் உழைப்பும் பிடிப்பது கடைசியில் வரும். ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருப்பது பெரியவர்கள் வாசிப்பதற்காக. பிள்ளையின் நோட்டில் அது ஏன் கூடாது என்பதை 4-ஆம் பகுதியில் பாருங்கள்.

முதலில் மூன்று நிமிடச் சோதனை

இரண்டு வாரத்துக்கு முன் நடத்திய பாடத்திலிருந்து ஐந்து சொற்களை எடுங்கள். நேற்று நடத்தியது வேண்டாம், அது எல்லாருக்கும் தெரிந்த மாதிரியே இருக்கும். மற்ற பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளையை மட்டும் மேசைக்குக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்.

அ) ஐந்து படங்களைப் பரப்பி, "டக் எது?" என்று கேளுங்கள். பிள்ளை தொட்டுக் காட்டினால் போதும்.
ஆ) படத்தை மட்டும் காட்டி, "இது என்ன?" என்று கேளுங்கள்.
இ) படமில்லாமல் சொல் மட்டும் எழுதிய அட்டையைக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள்.

ஐந்தில் நான்கு வந்தால் தேறியது. 'அ'-விலேயே தடுமாறினால் 3-க்கும் 5-க்கும் போங்கள். 'அ' வந்து 'ஆ' வரவில்லை என்றால் 2. இரண்டும் வந்து 'இ' மட்டும் வரவில்லை என்றால் 4. மூன்றும் வருகிறது, ஆனாலும் வகுப்பில் வார்த்தை பயன்படவில்லை என்றால் 1 அல்லது 6.

1. அட்டையில் தெரிகிறது, அட்டைக்கு வெளியே தெரியவில்லை

*வரிசை மனப்பாடமாகியிருக்கிறது.* மின்னட்டை (ஃபிளாஷ் கார்டு) கட்டு தினமும் ஒரே வரிசையில் வருகிறது. பிள்ளை படத்தைப் பார்ப்பதில்லை, முந்தைய சொல்லை வைத்து அடுத்ததைச் சொல்கிறது. கட்டைக் கலைத்துப் போட்டுக் கேளுங்கள். தடுமாறினால் காரணம் கிடைத்துவிட்டது. இனி ஒவ்வொரு முறையும் கலைத்துவிட்டே தொடங்குங்கள்.

*அட்டையே அடையாளமாகிவிட்டது.* மூலை மடிந்தது 'ஹென்', மைக்கறை பட்டது 'ஃபிஷ்' என்று பிள்ளைகள் பிடித்துவைத்திருப்பார்கள். அட்டையின் முன்பக்கத்தை மறைத்து பின்பக்கத்தைக் காட்டிப் பாருங்கள், சில சமயம் அதற்கும் சரியான பதில் வரும்.

*ஒரு படம்தான் பார்த்திருக்கிறது.* வெள்ளைக் கோழிப் படத்தில் படித்த பிள்ளைக்குத் தெருவில் மேயும் நாட்டுக்கோழி 'ஹென்' ஆகத் தெரியாமல் போகலாம். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், ஒரு கோட்டுப்படம், ஒரு கலர் படம் என்று மூன்று வேண்டும். பொருளாகக் கொண்டுவர முடிந்ததற்கு (கத்தரிக்காய், ஸ்பூன், இலை, கல்) படமே தேவையில்லை.

அட்டை செய்பவர்களுக்கு: ஒரு சார்ட்டை எட்டாக வெட்டினால் சரியான அளவு. எழுத்து 5 செ.மீ. உயரத்துக்குக் குறையக் கூடாது, கடைசி வரிசைக்குத் தெரியாது. சிறிய எழுத்தில் (ஸ்மால் லெட்டரில்) எழுதுங்கள். அட்டை முழுக்கப் பெரிய எழுத்தும் புத்தகம் முழுக்கச் சிறிய எழுத்தும் இருந்தால், பிள்ளைக்கு இரண்டும் ஒரே சொல் என்று யார் சொல்வது?

2. கூட்டமாகச் சொல்கிறது, தனியாகக் கேட்டால் வாய் திறக்கவில்லை

*கோரஸில் ஒளிந்திருக்கிறது.* முப்பது பேர் கத்தும்போது பத்துப் பேர் வாயை மட்டும் அசைப்பார்கள். கூட்டத்தைச் சுருக்குங்கள்: முழு வகுப்பு, ஒரு வரிசை, இரண்டு பேர், பிறகு ஒருவர். நேராகத் தனிக் குரலுக்குப் போகாதீர்கள்.

*தப்பானால் சிரிப்பார்கள் என்ற பயம்.* எழுப்பி நிறுத்திக் கேட்பதை விட்டுவிட்டுப் பக்கத்தில் குனிந்து கேளுங்கள். தவறாகச் சொன்னால் "தப்பு" என்று சொல்லாமல் சரியான சொல்லையே ஒருமுறை சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

*இன்னும் கேட்கும் கட்டத்தில் இருக்கிறது.* புது மொழியில் சில மாதம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது ஒன்றாம் வகுப்பில் சாதாரணம். ஓடு, உட்கார், கதவைத் தொடு, சிவப்பைக் காட்டு போன்ற கட்டளைகளை இங்கிலீஷில் சொல்லிச் செய்யவையுங்கள். சரியாகச் செய்கிறது என்றால் சொல் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, வாயைத் திறக்க அவசரப்படுத்த வேண்டாம்.

*காது.* சளிக்காலத்திலும் காதில் சீழ் வடியும் பிள்ளைகளிடமும் இதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. அமைதியான அறையில் பிள்ளைக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று, சாதாரணக் குரலில் ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளை இடைவெளி விட்டுச் சொல்லுங்கள். கேட்கும்போதெல்லாம் பிள்ளை கையைத் தூக்க வேண்டும். ஷ், ஸ் இரண்டுக்கும் கை எழவில்லை என்றால் மறுநாள் திரும்பப் பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் காது மருத்துவரிடம் அனுப்புங்கள். இதில் காத்திருந்து பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

வீட்டில் நன்றாகப் பேசுகிற பிள்ளை, பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் தாண்டியும் தமிழில்கூட யாரிடமும் பேசவில்லை, அது ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் அது இங்கிலீஷ் பிரச்சினையே இல்லை. பெற்றோரோடு பேசிக் குழந்தை நல மருத்துவர் அல்லது உளவியலாளரிடம் காட்டச் சொல்லுங்கள்.

3. நேற்று சொன்னது இன்று காணவில்லை

*ஒரே நாளில் அதிகம் கொடுத்தது.* 40 நிமிட பீரியடில் 1, 2-ஆம் வகுப்புக்குப் புதுச் சொல் ஐந்து, 4, 5-க்கு எட்டு. பாடத்தில் இருபது இருக்கிறதே என்றால் நான்கு நாளாகப் பிரியுங்கள். பசியோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஐந்தும் அதிகம்தான், காலையில் சாப்பிட்டதா என்று கேட்பதும் சோதனையில் சேர்த்தி.

*ஒன்றுபோல ஒலிப்பதையும் எதிரெதிரானதையும் ஒரே நாளில் கொடுத்தது.* டியூஸ்டே, தர்ஸ்டே. கிச்சன், சிக்கன். லெஃப்ட், ரைட். இவை சேர்ந்து உள்ளே போனால் சேர்ந்தே குழம்பும், பல பெரியவர்களுக்கு டியூஸ்டே குழப்பம் இன்றும் தீரவில்லை. ஒன்றை முதலில் கொடுங்கள், அது தடுமாறாமல் வந்தபின் ஒரு வாரம் கழித்து அடுத்தது. நிறம் பத்தையும் ஒரே பாடத்தில் அடுக்குவதும் இதே தவறுதான். பாடப்புத்தகம் அடுக்கியிருந்தாலும் வகுப்பில் பிரித்துக்கொள்ள யாரும் தடையில்லை. இரண்டு நிறம், ஒரு பழம், ஒரு விலங்கு, ஒரு வேலை என்று கலந்து கொடுங்கள்.

*திரும்பச் சந்திக்கவே இல்லை.* சொல்லிக்கொடுத்த மறுநாள், பிறகு 4-ஆம் நாள், 8-ஆம் நாள், 15-ஆம் நாள் அந்தச் சொல் பிள்ளையின் காதில் விழ வேண்டும். நினைவில் வைத்துக்கொள்வது ஆசிரியருக்கே கஷ்டம் என்பதால் மூன்று டப்பா வையுங்கள். புது அட்டை முதல் டப்பாவில். வகுப்பில் பெரும்பாலோர் சரியாகச் சொன்னால் இரண்டாவதுக்குப் போகும், அங்கும் தேறினால் மூன்றாவதுக்கு. தவறினால் எங்கிருந்தாலும் முதல் டப்பாவுக்குத் திரும்பும். முதல் டப்பா தினமும், இரண்டாவது வாரம் இருமுறை, மூன்றாவது பதினைந்து நாளைக்கு ஒருமுறை. ஒரு நாளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் பிடிக்காது. ஜெர்மன் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் எழுதிய பெட்டி முறையில் ஐந்து அறை உண்டு, தொடக்கப் பள்ளிக்கு மூன்றே தாராளம்.

*கண்.* கரும்பலகையைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்க்கிறது, கண்ணைச் சுருக்குகிறது, புத்தகத்தை மூக்குக்குக் கொண்டுபோகிறது. முன் வரிசையில் இரண்டு நாள் உட்காரவைத்துப் பாருங்கள். அங்கே மட்டும் தேறினால் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் பெயரை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் தவறாது.

4. ஸ்பெல்லிங் ஒப்பிக்கிறது, வாசிக்க வரவில்லை

"சி, ஏ, டி, கேட், கேட்னா பூனை" என்று ராகத்தோடு வரும். கரும்பலகையில் முதல் எழுத்தை மட்டும் அழித்து 'மேட்' ஆக்கிக் காட்டுங்கள். வாசிக்க வரவில்லை என்றால் இந்தப் பகுதிதான். அதிக நாள் இழுக்கும் கோளாறும் இதுதான்.

*எழுத்தின் பெயர் தெரியும், சத்தம் தெரியாது.* சி, ஏ, டி மூன்றையும் எப்படிக் கூட்டினாலும் 'சியேடி'தான் வரும், கேட் வராது. பிள்ளைமேல் தவறில்லை. பத்துச் சிறிய எழுத்துகளைக் காட்டி, "இது என்ன சத்தம் போடும்?" என்று கேளுங்கள். ஏழுக்குக் குறைந்தால் இங்கிருந்தே தொடங்க வேண்டும்.

இருபத்தாறையும் வரிசையாக ஓட்ட வேண்டாம். ஸ், ட், ப், ன் ஆகிய நான்கு மெய், 'பின்'னில் வரும் இ, 'பேன்'னில் வரும் ஏ-க்கும் ஆ-வுக்கும் நடுவிலான ஒலி, இந்த ஆறு போதும். வாரம் மூன்று எழுத்து. இரண்டாம் வாரக் கடைசியில் ஸிட், ஸிப், டின், டிப், பின், டேப், பேன், நேப் என்று பிள்ளை தானே கூட்டி வாசிக்கச் சொற்கள் கையில் இருக்கும். மெய்யை 'ப', 'ட' என்று வாலோடு சொல்லிக்கொடுத்தால் கூட்டும்போது ஒட்டாது. இங்கே தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு: "புள்ளி வைத்துச் சொல்லு" என்றால் புரிந்துவிடும்.

சுவரில் எக்ஸுக்கு சைலஃபோன் போட்ட சார்ட் இருந்தால் கழற்றிவிடலாம். அந்தச் சொல்லில் எக்ஸ் தன் சத்தத்தைப் போடுவதே இல்லை. பாக்ஸ், ஃபாக்ஸ் என்று கடைசியில் வருவதுதான் சரியான உதாரணம். ஐ எழுத்துக்கு இக்ளூ என்ற பனிவீட்டுப் படமும் வேண்டாம், இங்க் பாட்டில் போதும்.

*நோட்டில் தமிழில் உச்சரிப்பு எழுதியிருக்கிறது.* வீட்டில் உதவும் பெற்றோரும் கோனார் வழிவந்த கைடு புத்தகங்களும் அன்போடு செய்கிற தவறு இது. பூனையும் கேட், வாசலில் இருப்பதும் கேட். ஆடும் கோட், மழைக்குப் போடுவதும் கோட். கிரிக்கெட் மட்டை, பரீட்சைக்குக் கொண்டுபோகிற அட்டை, கெட்டது, மூன்றுமே பேட். கட்டிலும் பெட், வீட்டில் வளர்க்கும் நாய்க்குட்டியும் பெட். தமிழ் வரி இருக்கும்வரை பிள்ளையின் கண் இங்கிலீஷ் வரிக்குப் போகவே போகாது. தமிழ் வரியை ஸ்கேலால் மூடிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும். பழையதைக் கிழிக்க வேண்டாம். இன்றுமுதல் எழுதும் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழுக்குப் பதில் சின்னப் படம் வரையட்டும்.

*ப-வில் இரண்டு, ட-வில் இரண்டு, க-வில் இரண்டு.* 'பேக்'கையும் 'பேக்'கையும் (முதுகில் மாட்டுவதையும், சாமானைக் கட்டுவதையும்) பிள்ளை ஒரே எழுத்தில் எழுதுகிறது. தமிழில் ஒரே எழுத்து இரண்டு ஒலிக்கும் வேலை செய்கிறது, பிள்ளையின் காதுக்கு இந்த வித்தியாசத்தைக் கவனிக்கும் பழக்கமில்லை. ஆனால் இரண்டு ஒலியும் அதன் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. 'பம்பரம்' என்று மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். முதல் ப வேறு, இரண்டாவது ப வேறு. தொண்டையில் விரல் வைத்துக்கொண்டு சொன்னால் இரண்டாவதில் அதிர்வது தெரியும். 'பட்டம்', 'பண்டம்' என்றால் ட-வின் இரண்டு ஒலி. 'கங்கு' என்றால் க-வின் இரண்டு. அந்த அதிர்கிற ஒலிக்கு இங்கிலீஷில் தனி எழுத்து இருக்கிறது என்று காட்டினால் பாதி வேலை முடிந்தது. தினம் இரண்டு நிமிடம், மூன்று வாரம்.

*'பால்' (பந்து) என்பதன் பி-யும் 'டாக்' (நாய்) என்பதன் டி-யும் திரும்பிக்கொள்கின்றன.* சிறிய எழுத்தில் இரண்டும் கண்ணாடி பிம்பம். இரண்டு கைகளையும் முஷ்டியாக்கி, கட்டைவிரலை நிமிர்த்தி, விரல் மடித்த பக்கம் முகத்தைப் பார்க்க, முஷ்டிகளை ஒட்டிவைத்தால் கட்டில் மாதிரி இருக்கும். இடக்கை 'பெட்'டின் முதல் எழுத்து, வலக்கை கடைசி எழுத்து. பரீட்சையிலும் மேசைக்கு அடியில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாம் வகுப்பு முடியும்வரை இந்தத் திருப்பம் வந்துபோகும், பதற வேண்டாம்.

*கூட்டி வாசிக்க முடியாத சொற்கள்.* சத்தம் நன்றாகக் கற்ற பிள்ளை 'வேஸ்', 'சைட்', 'கோமே' என்று வாசித்தால் அது முன்னேற்றம்தான். வாஸ் (இருந்தது), செட் (சொன்னான்), கம் (வா) போன்றவற்றைக் கூட்டி வாசிக்க வழியில்லை, முகம் பார்த்துப் பழக வேண்டும். சிறுவர் புத்தகங்களில் அடிக்கடி வரும் 220 சொற்களை அமெரிக்கக் கல்வியாளர் எட்வர்ட் டால்ச் 1936-ல் பட்டியலிட்டார். அவற்றில் பலவற்றைக் கூட்டியும் வாசிக்கலாம் என்பதால் முரண்டு பிடிப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் மூன்று. பாடப்பக்கத்தில் அந்தச் சொல் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று வட்டம் போடச் சொல்வது பத்து முறை எழுதுவதைவிட வேலை செய்யும்.

*தமிழே வாசிக்க வரவில்லை.* மேலே எதுவும் பலிக்கவில்லை என்றால் 'மரம், படகு, வண்டி' என்று மூன்று சொல்லை எழுதிக் காட்டுங்கள். அதிலும் திணறினால் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கை ஓரமாக வையுங்கள். 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தின் கணக்கில் தமிழில் 'அரும்பு' என்ற முதல் நிலையிலேயே நிற்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு முதலில் தமிழ் வாசிப்பு, இங்கிலீஷுக்குக் காதும் வாயும் மட்டும்.

*எப்போது அனுப்புவது?* வயது எட்டை ஒட்டிவிட்டது, வருகை ஒழுங்காக இருக்கிறது, கண்ணும் காதும் பார்த்தாயிற்று, தினம் 15 நிமிடம் மூன்று மாதம் உழைத்தும் இரண்டு மொழியிலும் எழுத்தும் ஒலியும் சேரவில்லை. அப்போது வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் சொல்லுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் அடக்கம், மதிப்பீட்டுக்கும் சலுகைகளுக்கும் வழி உண்டு. 'டிஸ்லெக்சியா' என்ற முத்திரையை வகுப்பாசிரியர் தானே குத்தக் கூடாது.

5. அர்த்தம் கோணலாகப் பிடித்திருக்கிறது

*வீட்டு இங்கிலீஷ் முந்திக்கொண்டது.* பஸ், பேக், சோப், கப், பக்கெட், ஃபேன், பிஸ்கட் என்று ஒரு கூடை வார்த்தையோடுதான் பிள்ளை பள்ளிக்கு வருகிறது. இது பெரிய முதல். முதலில் வாசிக்கக் கொடுக்க வேண்டியவையும் இவையே. சில மட்டும் வழுக்கும்: வீட்டில் 'ஐஸ்' என்றால் குச்சி ஐஸ், 'கவர்' என்றால் கேரி பேக், 'ஹோட்டல்' என்றால் இட்லி சாப்பிடும் இடம், 'கரண்ட்' என்றால் மின்சாரம் மட்டும். வீட்டு அர்த்தம் தப்பு என்று சொல்ல வேண்டாம், "புத்தகத்தில் இதற்கு இன்னொரு வேலையும் உண்டு" என்றால் போதும்.

*ஒரு தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு இங்கிலீஷ்.* 'லெக்'குக்கும் 'ஃபுட்'டுக்கும் கால் என்றே எழுதிக் கொடுத்தால் பிள்ளை என்ன செய்யும்? ஹேண்ட், ஆர்ம் இரண்டும் கை. ஃபிங்கர், டோ இரண்டும் விரல். தமிழ் அர்த்தம் சொல்லாமல் தன் உடம்பையே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். தலைகீழாகவும் நடக்கும்: சோறும் அரிசியும் ரைஸ், அண்ணனும் தம்பியும் பிரதர், மாமாவும் சித்தப்பாவும் அங்கிள். இதற்கு மட்டும் தமிழில் ஒரு வாக்கியம் விளக்குவதே குறுக்கு வழி.

*படம் இரண்டு பொருள் தருகிறது.* பையன் ஓடும் படத்தைக் காட்டி 'ரன்' என்றால், பாதிப் பேர் 'பையன்' என்று எடுத்துக்கொள்வார்கள். வினைச்சொல்லை நடித்துக் காட்டுங்கள்.

6. சொல் தெரியும், வாக்கியத்தில் வரவில்லை

சொல் தனியாகவே வந்து தனியாகவே போகிறது. புதுச் சொல்லைக் கொடுக்கும் நாளிலேயே அதைப் பொருத்திச் சொல்ல ஒரு வாக்கியச் சட்டகம் கொடுங்கள்: 'ஐ சீ எ...', 'ஐ லைக்...', 'கிவ் மி தி...'. ஒரு வாரத்துக்கு ஒரே சட்டகம், சொல் மட்டும் மாறும். 'கிவ் மி தி' தான் அதிகம் பலிக்கும், ஏனென்றால் சொன்னால் கையில் ஏதாவது கிடைக்கிறது. ஸ்கெட்ச், ரப்பர், சாக்பீஸ் எல்லாம் கேட்டால்தான் தருவது என்று பத்து நாள் வைத்துப் பாருங்கள்.

7. 'இஸ்கூல்', 'புக்கு', 'யெக்'

கோளாறே இல்லை. தமிழ் நாக்கு ஸ்-க்கு முன்னால் இ-யும், கடைசி மெய்க்குப் பின்னால் உ-வும், எ-க்கு முன்னால் ய-வும் வைக்கும். பொருள் மாறாதவரை இதற்காகப் பிள்ளையை நிறுத்தாதீர்கள், ஆசிரியர் சரியாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் தேயும். பொருள் மாறும் இடங்களுக்கு, அதாவது பேனும் பெனும், மேனும் மெனும் குழம்பும் இடங்களுக்கு, மட்டும் இரண்டு படத்தை வைத்து எதைச் சொன்னோம் என்று தொடச் சொல்லுங்கள். முதலில் காது பிரிக்க வேண்டும், வாய் பிறகு வரும். தமிழ் பேசும்போதும் சொற்கள் மழலையாகவே இருந்து, ஐந்து வயது தாண்டியும் வெளியாட்களுக்குப் புரியவில்லை என்றால் பேச்சுப் பயிற்சியாளர் பார்க்க வேண்டும்.

அனுப்பும்போது கூடவே அனுப்ப வேண்டியது

"இங்கிலீஷ் வரவில்லை" என்று மட்டும் எழுதி அனுப்பினால் மருத்துவருக்கும் சிறப்பாசிரியருக்கும் ஒன்றும் பிடிபடாது. ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: மூன்று நிமிடச் சோதனையின் அ, ஆ, இ மதிப்பெண் தேதியோடு, ஆறு ஒலிச் சோதனையில் எதற்குக் கை எழவில்லை, தமிழ் வாசிப்பு நிலை, கடந்த மூன்று மாத வருகை, எந்த வழியை எத்தனை வாரம் செய்து பார்த்தீர்கள். பிள்ளை தானாக எழுதிய, திருத்தாத ஒரு டிக்டேஷன் பக்கத்தையும் சேர்த்துப் பின் செய்யுங்கள். சிவப்பு மை படாத பக்கமாக இருக்கட்டும்.